பேசுவதற்கென்று ஒரு கூரை

எல்லையோரத்து எங்கள் குன்னத்துகாலிலிருந்து ஆனவண்டி என்கிற கேரள அரசு பஸ்ஸில் ஏறித் திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு அங்கே இருக்கும் வேலைகள் ஏறக்குறைய நிச்சயமானவை. நோய் என்றால் மெடிக்கல் காலேஜ், மனு என்றால் செக்ரட்டேரியட், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு என்றால் மிருகக்காட்சிசாலை. செக்ரட்டேரியட்டைத் தாண்டிப் பாளையம் நோக்கிப் போகும்போது யூனிவர்சிட்டி காலேஜுக்கு அருகே ஒரு பழைய மண்டபம் வரும். வாசலில் ஏதாவது ஒரு கூட்டத்தின் பேனர் தொங்கிக்கொண்டிருக்கும். வி.ஜே.டி. ஹால் என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். 2019 முதல் அதன் பெயர் மகாத்மா அய்யன்காளி ஹால்.

பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு டிக்கெட் எடுத்துப் போகிறோம், நேப்பியர் மியூசியத்தின் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறோம். இந்த மண்டபம் பார்க்க வேண்டிய இடம் என்று பள்ளிக்கூடத்தில்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்களின் கதையில் இந்தக் கட்டடத்துக்கு இருக்கும் இடம் அப்படி.

முழுப்பெயர் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். விக்டோரியா அரசி பட்டம் ஏற்று ஐம்பது ஆண்டு நிறைந்தது 1887இல். அந்தப் பொன்விழாவின் நினைவாகத் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் கட்டுவித்த மண்டபம் 1896இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இது ஊருக்கு ஊர் நடந்த காரியம். கோயம்புத்தூரில் ஒரு டவுன் ஹால், மதுரையில் விக்டோரியா எட்வர்டு மன்றம், சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹால் என்று எல்லாம் அந்த வரிசையில் வந்தவைதான். நாகர்கோவில் மணிமேடையையும் ஸ்ரீமூலம் திருநாள்தான் 1893இல் திறந்து வைத்தார். அரசியைப் புகழ்வதற்காகக் கட்டினார்கள் என்பதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன்.

மண்டபத்தைப் பார்க்க நான் போனபோது சித்தப்பாவும் கூட வந்தார். சித்தப்பா தச்சு வேலை செய்தவர். பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்து, உளுத்துப்போன கழுக்கோலை மட்டும் மாற்றி, மறுபடி ஓடு வேய்ந்து கொடுப்பதில் எங்கள் பக்கத்தில் பெயர் வாங்கியவர். இப்போது அந்த வேலையும் இல்லை, வயதும் இல்லை. பழைய கட்டடம் பார்க்கப் போகிறேன் என்றதும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பஸ் ஊர்ந்துபோன வழியெல்லாம், பஸ்ஸிலிருந்து தெரிந்த ஓட்டுக் கூரைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். எது சரிந்திருக்கிறது, எதை இந்த மழைக்குள் பிரிக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று.

அன்றைக்கு ஹாலில் ஒரு புத்தக வெளியீடு. இந்த மண்டபத்தில் இது ஒரு வசதி. ஏதாவது ஒரு பொதுக்கூட்டம் நடக்கிற நாளாகப் பார்த்துப் போனால் போதும், கேட்க வந்தவராக உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். டிக்கெட் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் மிக அடக்கமான கட்டடம். முக்கோணமாக உயர்ந்த முகப்பு, வளைவு வளைவாகக் கதவுகளும் ஜன்னல்களும், அவ்வளவுதான். கோபுரமில்லை, குவிமாடமில்லை. கொஞ்ச தூரத்தில், 1869இல் கட்டி முடித்த செக்ரட்டேரியட் இருக்கிறது. வில்லியம் பார்ட்டன் என்ற தலைமைப் பொறியாளர் ரோமானியப் பாணியில் தூண் நிறுத்தி எழுப்பியது. அந்தக் கம்பீரத்துக்குப் பக்கத்தில் இது தம்பி மாதிரி ஒதுங்கி நிற்கிறது. உள்ளே நுழைந்தபிறகுதான் விஷயம் தெரியும்.

உள்ளே ஒரே கூடம். ஒரு முனையில் மேடை, மேலே மரத்தில் பால்கனி. சித்தப்பா மேடையைப் பார்க்கவேயில்லை. கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நடுவுல ஒத்தத் தூணு இல்ல, கேட்டியா மக்கா."

"அதுல என்ன சித்தப்பா?"

"என்னவா? நம்ம பக்கத்துல இத்தன அகலத்துக்குக் கூர போடணும்னா தூணு வச்சுத்தான் ஆகணும். தூணு வச்சா பின்னால இருக்குறவனுக்குப் பேசுறவன் மொகம் தெரியாது."

எனக்கு அந்த இடத்தில் பத்மநாபபுரம் நினைவுக்கு வந்தது. குன்னத்துகாலிலிருந்து தெற்கே போனால் தக்கலைக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்துக்குத் தலைநகர் மாறும் முன் திருவிதாங்கூரை ஆண்ட அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. அங்கே பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் பக்கத்திலிருந்து செங்குத்தான குறுகிய மரப்படி ஏறிப் போனால் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய அறை. அதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தரை மறக்காது. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய கறுப்புத் தரை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சாய்வாகச் சொருகிய மரப்பட்டிகள். காற்று வரும், வெளிச்சம் வடிகட்டி வரும். உள்ளே இருப்பவருக்கு வெளியே நடப்பது தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. மைக்கா பதித்த ஜன்னல்கள் வழியாக நிறம்நிறமாக ஒளி விழும். ஐந்தாறு பேர் தாழ்ந்த குரலில் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான அறையை நான் பார்த்ததில்லை. ராஜ்ஜியத்தின் காரியங்களை அப்படித்தான் பேசினார்கள், தாழ்ந்த குரலில், ஐந்தாறு பேர்.

அதே அரண்மனையில் ஆயிரம் பேர் ஒன்றாக உட்காரும் இடமும் உண்டு. ஊட்டுப்புரை. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், பந்தி பந்தியாக இலை போட்டுப் பரிமாறிய நீளமான கூடங்கள். சாப்பிட்டவர்கள் பிராமணர்கள். நீளம் அவ்வளவு இருந்தும் அகலம் குறைவு. காரணம் சித்தப்பா சொன்னதுதான். ஒரு உத்திரம் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவுதான் கூடத்தின் அகலம். நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம், அகலத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நடுவில் தூண் வேண்டும். அங்கேயே நவராத்திரி மண்டபத்தில் கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் நடந்த ஆட்டத்தையும் பாட்டையும் அரச குடும்பத்துப் பெண்கள் துளைபோட்ட மறைப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். ஆக, அந்த அரண்மனையில் சிலர் பேச ஓர் அறை இருந்தது, பலர் சாப்பிட ஒரு கூடம் இருந்தது, மறைந்திருந்து பார்க்கவும் இடம் இருந்தது. பலர் கூடி, ஒருவர் எழுந்து நின்று பேச, மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க ஓர் இடம் இல்லை. அப்படி ஒரு தேவை இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

அந்தத் தேவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1834இல் ஒரு டவுன் ஹால் திறந்தார்கள். வெளியே பார்த்தால் அப்படியே ரோமானியக் கோயில், சுற்றிலும் பெரிய தூண்கள். உள்ளே இசைக்கும் பொதுக்கூட்டத்துக்குமான ஒரே கூடம். கோயிலில் கருவறை இருக்கும் இடத்தில் இங்கே ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பிறகு தொழில் நகரங்கள் ஒவ்வொன்றும் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டன, கப்பலேறி அந்த வழக்கம் நம் பக்கமும் வந்தது. கூடவே முக்கோணச் சட்டமாகக் கூரையை முடைகிற முறையும் வந்தது. சாய்ந்து நிற்கும் இரண்டு சட்டங்களும் கீழே விலகி ஓடாமல், குறுக்கே ஒரு சட்டம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாரம் முழுவதும் இரண்டு பக்கச் சுவருக்குப் போய்விடும். நடுவில் தூண் வேண்டியதில்லை. நம்முடைய தச்சர்கள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். பழைய சர்ச்சுகளில், ரயில்வே கட்டடங்களில், பள்ளிக்கூடங்களில் எல்லாம் அந்தக் கை தெரியும்.

மைக் இல்லாத காலத்து மண்டபம் என்பதையும் யோசிக்க வேண்டும். கூட்டத்தை ஒரே தளத்தில் நீட்டிக்கொண்டு போனால் கடைசி வரிசைக்குக் குரல் எட்டாது. பாதிப் பேரை மேலே ஏற்றி பால்கனியில் உட்கார வைத்தால் எல்லாரும் மேடைக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். வெறும் சுவராக இருந்தால் குரல் மோதி எதிரொலித்துக் குழம்பும், மரம் அதைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். நாங்கள் மேலே போய் உட்கார்ந்தோம். சித்தப்பா கைப்பிடிச் சட்டத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார், இடையில் ஒரு பொருத்தில் கை நின்றது. நகத்தால் கீறிப் பார்த்தார். இரண்டு துண்டு சேரும் இடம், நகம் இறங்கவில்லை. "வேல தெரிஞ்சவன் செஞ்சது" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வராது.

இந்தக் கூடத்துக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்தியாவின் சமஸ்தானங்களில் முதன்முதலாகச் சட்டசபை ஒன்றை அமைத்தது திருவிதாங்கூர், 1888இல். எட்டே உறுப்பினர்கள், அதில் ஆறு பேர் அதிகாரிகள். அதற்கு மந்திரசாலை மாதிரியான ஓர் அறையே போதும், திவானின் அறையில்தான் கூடினார்கள். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்று இன்னொன்றை அமைத்தபோது நிலைமை வேறு. தாலுகா தாலுகாவாக ஆட்கள் வர வேண்டும். அவர்களை உட்கார வைக்கத் தலைநகரில் இடம் எங்கே? எட்டு வருஷத்துக்கு முன் திறந்த டவுன் ஹால் இருந்தது. 1904 அக்டோபரில் பிரஜா சபையின் முதல் கூட்டம் இந்தக் கூடத்தில் நடந்தது. திவான் வி. பி. மாதவராவ்.

அது முழு ஜனநாயகம் என்று சொல்லிவிட முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். குறைகளைச் சொல்லலாம், கோரிக்கை வைக்கலாம், சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. வருகிறவர்களும் கணிசமாக நிலவரி கட்டுகிறவர்களும் வருமானம் உள்ளவர்களும்தான். அடுத்த ஆண்டு முதல் உறுப்பினர்களில் பெரும்பகுதியைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள், ஆனால் ஓட்டுப் போடுகிற தகுதியும் வரியையும் வருமானத்தையும் படிப்பையும் வைத்துத்தான். என்றாலும் தோவாளையிலிருந்தும் அகஸ்தீஸ்வரத்திலிருந்தும் கல்குளத்திலிருந்தும் விளவங்கோட்டிலிருந்தும் எங்கள் நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து திவானுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். குளம் தூர்ந்துவிட்டது, ரோடு வேண்டும், வரி தாங்கவில்லை என்று எழுந்து நின்று சொன்னார்கள். சொன்னது அச்சில் ஏறியது. தாழ்ந்த குரலில் ஐந்தாறு பேர் பேசிய அறையிலிருந்து இவ்வளவு தூரம்.

ஆனால் யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. வரி கட்ட நிலம் வேண்டும். நிலத்தில் சேற்றில் நின்று வேலை செய்த புலையர்களுக்கு நிலம் கிடையாது. அவர்கள் பேரில் சபையில் பேசுவதற்கு, 'சுபாஷிணி' பத்திரிகையின் ஆசிரியர் பி. கே. கோவிந்தப்பிள்ளை நியமிக்கப்பட்டிருந்தார். அவரே சபையில் எழுந்து, இந்த மக்களுக்காக இவர்களில் ஒருவரையே நியமியுங்கள் என்று கேட்டார். 1911 டிசம்பரில் திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில் அந்த நியமனம் நடந்தது. நியமிக்கப்பட்டவர் வெங்ஙானூர் அய்யன்காளி.

வெங்ஙானூர் எங்கள் தாலுகா. 1863இல் பிறந்தவர். புலையர் நடக்கக் கூடாது என்றிருந்த பொதுவழியில் 1893இல் வில்லுவண்டி பூட்டித் தலைப்பாகை கட்டிக்கொண்டு போனவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கியவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகளைக் கூட்டி வேலையை நிறுத்தியவர். 1910இல் ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் அந்தப் பள்ளியில் வைத்திருக்கிறார்கள். 2022இல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்து வைத்தது அரசு. எங்கள் ஊரிலிருந்து அங்கே போக பஸ்ஸில் அதிக நேரம் ஆகாது.

பள்ளி எரிந்து ஏறக்குறைய இரண்டு வருஷம். 1912இல் அய்யன்காளி பிரஜா சபையில் எழுந்து நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எதிரே திவான், சுற்றிலும் நிலவுடைமையாளர்கள், அவர்களில் பலருடைய ஊர்வழியில் இவர் நடக்கக் கூடாது. புலையர்களுக்குக் குடியிருக்கவும் பயிர் செய்யவும் சர்க்கார் நிலத்தைப் பதித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்து நிலம், பள்ளிக்கூடம், பிள்ளைகளுக்கு ஃபீஸ் சலுகை, உத்தியோகம் என்று வருஷாவருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் பால்கனியில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூடத்தில் ஒளிந்துகொள்ளத் தூண் இல்லை. மறைப்பு இல்லை. ஒருவர் எழுந்து நின்றால் எல்லாருக்கும் தெரியும், அவரைக் கேட்காத மாதிரி யாரும் இருக்க முடியாது. நம் பக்கத்துப் பழைய கட்டடங்கள் எல்லாமே ஒவ்வொரு வாசலிலும் ஆளை நிறுத்திப் பிரித்துப் பிரித்து உள்ளே விட்டவை. யார் முற்றம் வரை, யார் திண்ணை வரை, யார் வேலிக்கு வெளியே என்று கட்டடமே சொல்லிவிடும். இங்கே அந்தப் படிநிலையைக் கட்டடம் சொல்லவில்லை. அதைக் கட்டியவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் ஓர் அரசிக்கு நினைவுச்சின்னம் கட்டினார்கள். ஆனால் கட்டிய கூடத்தில் ஒரே தரைதான் இருந்தது, ஒருநாள் அந்தத் தரையில் வந்து நிற்கும் உரிமையை அய்யன்காளி வாங்கிக்கொண்டார்.

அதனால்தான் 2019 ஆகஸ்ட் 28இல், அவருடைய பிறந்தநாளில், முதல்வர் பினராயி விஜயன் இந்தப் பெயர்மாற்றத்தை அறிவித்தபோது எனக்கு அது மிகச் சரியான காரியமாகப் பட்டது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று அப்போது சிலர் வருத்தப்பட்டார்கள். பழைய கட்டடத்தின் பெயரை மாற்றுவதற்கு நானும் பொதுவாக எதிரிதான். ஆனால் விக்டோரியா இந்த மண்டபத்துக்குள் வந்ததில்லை. அய்யன்காளி வந்தார், நின்றார், பேசினார்.

1939இல் செக்ரட்டேரியட் வளாகத்திலேயே சட்டசபைக்குத் தனி மண்டபம் கட்டிவிட்டார்கள். இந்தக் கூடம் சர்க்காரின் பேச்சிலிருந்து விடுபட்டு ஊராரின் பேச்சுக்கு முழுசாக வந்தது. இலக்கியக் கூட்டம், யூனியன் கூட்டம், கண்காட்சி, இரங்கல் கூட்டம். 2016இல் கவிஞர் ஓ.என்.வி. குறுப்பு காலமானபோது அவருடைய உடலை மக்கள் பார்த்து விடைபெற இங்கேதான் வைத்திருந்தார்கள். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய மனிதரைக் கடைசியாகப் பார்க்கும் இடம் என்றால் முதலில் இந்த மண்டபம்தான் நினைவுக்கு வரும்.

சென்னையில் இதன் மூத்த உறவு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் நடுவே சிவப்புச் செங்கல்லில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால். நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டுமென்று 1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி முடிவெடுத்தார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மன்னர் அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1888க்கும் 1890க்கும் நடுவே கட்டி முடித்தார்கள். சுகுண விலாச சபைக்காரர்கள் அங்கே நாடகம் போட்டார்கள். 1897இல் விவேகானந்தர் பேசினார். 1916 நவம்பரில் நீதிக்கட்சிக்கு அடித்தளமிட்ட கூட்டம் அங்கே நடந்தது. தமிழ்நாட்டு அரசியல் கடந்த நூறாண்டில் போன பாதையை நினைத்தால், அந்த ஒரு கூட்டத்துக்காகவே அந்தக் கட்டடத்தைப் போற்றலாம்.

எங்கள் பக்கத்து ஆளுக்கு அங்கே பார்க்க இன்னொன்று உண்டு. கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். இத்தாலியப் பாணியில் சதுரமாக ஏறிப்போகிற கோபுரத்தின் உச்சியில், கூம்பாக ஒரு கூரை. அது திருவிதாங்கூர்க் கூரை. சென்னை நகரத்தின் நட்டநடுவில், பத்மநாபபுரத்துச் சாயலில்!

அது எப்படி அங்கே போனது என்றால், சிஷோம் அதற்குமுன் திருவனந்தபுரத்தில் வேலை செய்தவர். 1880இல் முடிந்த நேப்பியர் மியூசியம் அவர் வரைந்தது. அதற்காக அவர் இந்தப் பக்கத்து மரக்கட்டடங்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். செங்குத்தாகச் சரியும் கூரை, மழை சுவரில் படாமல் நீண்டு வரும் இறவாணம், காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் மரச் சட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிறநிறச் செங்கல்லோடு சேர்த்தார். வெளியே எரிகிற மதியத்திலும் அந்த மியூசியத்துக்குள் உடம்பு குளிர்கிறதே, அதற்குக் காரணம் இந்தப் பாடம்தான். நம் ஊர்த் தச்சர்களிடம் கற்றதை அவர் சென்னைக்குக் கொண்டுபோய் ஊர்மன்றத்தின் தலையில் வைத்தார். பால்கனியில் இருந்தபடியே சித்தப்பாவிடம் அந்தக் கோபுரத்தின் படத்தைப் போனில் காட்டினேன். வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இது நம்ம கூரதான் மக்கா. இத யாரு அங்க கொண்டு வச்சது?"

சொன்னேன். கூட்டம் முடிகிறவரை அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பேசியவர்களை அவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியாது.

வெளியே வந்து யூனிவர்சிட்டி காலேஜ் வரை நடந்தோம். மகாராஜா கல்லூரி என்று இருந்த காலத்தில் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1891இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் வாழ்த்துப் பாடல்தான் இன்று தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து. 1897இல் மறைந்தார். ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒருவர் எழுதியதைத் தமிழ்நாடு முழுக்க எழுந்து நின்று பாடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அந்த நினைப்பு பெரிய ஆறுதல்.

எல்லை என்று சொல்லும்போது 1956ஐயும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அதற்கான போராட்டத்தில், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் விழுந்தார்கள். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குன்னத்துகாலில் சில வீடுகளுக்கு அடுத்த வளவு தமிழ்நாடு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தப் பக்கம் போகிறோம், ரேஷனுக்கும் ஓட்டுக்கும் இந்தப் பக்கம். எங்கள் பாட்டன்மாரின் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது, அவர்கள் மனுக்கொடுத்த மண்டபம் கேரளத்தில் இருக்கிறது. இரண்டுமே எங்களுடையவை என்றுதான் நான் நினைக்கிறேன். அரண்மனையைப் பார்க்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மண்டபத்துக்கும் வர வேண்டும். நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வருகிறவர்கள் தம்பானூரில் இறங்கி மகாத்மா காந்தி ரோட்டைப் பிடித்து நடந்தால் செக்ரட்டேரியட், இந்த ஹால், யூனிவர்சிட்டி காலேஜ், அப்புறம் மியூசியம் என்று எல்லாம் ஒரே போக்கில் கிடைக்கும். பகலில் போங்கள். ஏறுகிற இடம் திறந்திருந்தால் பால்கனிக்குப் போய் உட்காருங்கள், கூடம் கூடமாகத் தெரிவது அங்கிருந்துதான்.

ஒரே ஒரு கோரிக்கை இருக்கிறது. பிரஜா சபையில் யார் வந்தார்கள், எந்தத் தாலுகா, என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் காலத்திலேயே சர்க்கார் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. அந்தப் பெயர்களைத் தாலுகா வாரியாக ஒரு பலகையில் எழுதி, வந்து போகிறவர்கள் படிக்கும்படி ஹாலின் வாசலில் வைக்கலாம். மலையாளத்தில் எழுதட்டும். தெற்குத் தாலுகாக்காரர்களின் பெயரைத் தமிழிலும் எழுதட்டும். மரப்பலகை என்றால் செய்து தர ஆள் இருக்கிறது என்று சித்தப்பா சொல்லச் சொன்னார்.